தொலைக்காட்சியிற் புகுந்த பேய்

எங்கள் ஆச்சி பேய்க்கதை சொல்வதில் வல்லவர். மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தணித்துத் திண்ணையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "முன்னொரு காலத்திலே" என்று அவர் தொடங்கும்போதே, பிள்ளைகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு அமர்ந்துவிடுவோம். நடுங்குவோம், ஆயினும் எழுந்து ஓடமாட்டோம். காரணம், "முன்னொரு காலத்திலே" என்பது ஒரு வாயிற்படி. அப்படிக்கு அப்பால் இருப்பது கதை. இப்பால் இருப்பது வீடு. கதை முடிந்ததும் படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடலாம் என்னும் துணிவு எங்களுக்கு இருந்தது.

அதே திண்ணையில் வானொலிப் பெட்டியும் இருந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்ததும் வீட்டிற் பேச்சடங்கும். அக்குரல் கூறியதை ஐயுற்றவர் எவரையும் அந்நாளில் நான் கண்டதில்லை. ஆச்சியின் குரல் வேறு, செய்தியின் குரல் வேறு என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இவ்விரு குரல்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் யாது விளையும்? இவ்வினாவுக்கு இங்கிலாந்து தேசம் ஒரே இரவில் விடை கண்டது. அவ்விரவின் வரலாற்றையே இப்பேச்சில் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஒக்டோபர் மாதத்தின் கடைசி இரவை மேல்நாட்டார் 'ஹலோவீன்' என்பர். இறந்தோரின் ஆவிகள் உலாவும் இரவென்பது அவர்தம் பழைய நம்பிக்கை. இக்காலத்தில் அது பெரிதும் சிறுவரின் விளையாட்டுத் திருநாளாகிவிட்டது. 1992ஆம் ஆண்டில் அந்நாள் சனிக்கிழமையில் வந்தது. இரவு 9.25 மணிக்கு, பி.பி.சி.யின் முதலாம் அலைவரிசையில், 'ஸ்கிரீன் வன்' என்னும் நாடக வரிசையின் ஓர் அங்கமாக, ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியொன்று ஒளிபரப்பாயிற்று. அதன் பெயர் 'கோஸ்ற்வொச்'. 'பேய்க் காவல்' என நாம் அதனைத் தமிழிற் கூறலாம். அதே நிலையம் 1984ஆம் ஆண்டு தொட்டு 'கிரைம்வொச்' என்னும் நிகழ்ச்சியை நடாத்தி வந்தது. நாட்டில் நிகழ்ந்த குற்றங்களை எடுத்துக்கூறித் துப்புத் தருமாறு பொதுமக்களை வேண்டி, வரும் தொலைபேசி அழைப்புக்களைக் கலையகத்திலேயே ஏற்கும் நேரடி நிகழ்ச்சி அது. ஆகவே பெயரைக் கேட்டமாத்திரத்தே இதுவும் அவ்வகையினது என்றே பலர் எண்ணினர்.

எழுதியவர் ஸ்ரீபன் வோல்க் என்னும் நாடகாசிரியர். நெறிப்படுத்தியவர் லெஸ்லி மானிங் அம்மையார். பேய் பிடித்த வீடொன்றிலிருந்து நிகழ்வன யாவற்றையும் அவ்வேளையிலேயே நாட்டுக்குக் காட்டுவது போன்ற பாவனையில் நாடகம் அமைந்திருந்தது. உண்மையில் அன்றிரவு நேரடியாக நிகழ்ந்தது எதுவும் இல்லை. எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே படம்பிடிக்கப்பட்டவை. ஆனால் அதனைப் பார்த்தவர் அங்கே கண்ட முகங்களோ நடிகரின் முகங்கள் அல்ல. கலையகத்தில் வீற்றிருந்தவர் மைக்கேல் பார்க்கின்சன். 1971ஆம் ஆண்டு தொடங்கிப் புகழ்பெற்றோரை அழைத்து உரையாடிப் பெயர் பெற்றவர். நரைத்த தலையும் நிதானமான பேச்சுமாக, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் போல நேயரின் உள்ளத்தில் இடம் கொண்டவர். பேய் வீட்டுக்குள் அனுப்பப்பட்டவர் சாரா கிரீன் அம்மையார். 'புளூ பீற்றர்' முதலிய சிறுவர் நிகழ்ச்சிகளால் இங்கிலாந்தின் பிள்ளைகள் யாவரும் அறிந்த இன்முகம் அவருடையது. தொலைபேசிப் பகுதிக்குப் பொறுப்பாக அமர்ந்திருந்த மைக் ஸ்மித் அவருடைய கணவர். நாடகத்தில் மட்டுமன்று, வாழ்க்கையிலும். வீட்டின் வெளியே நின்று அயலவரை விசாரித்தவர் கிரெய்க் சார்ள்ஸ் என்னும் நகைச்சுவையாளர். இந்நால்வரும் வேற்றுப் பெயர் பூணவில்லை. தம் சொந்தப் பெயரிலேயே, தாம் வழமையாகப் பேசுமாறே பேசினர்.

கதைக்கு மூலமும் முழுக் கற்பனையன்று. 1977ஆம் ஆண்டில் இலண்டனின் வடபால் என்பீல்ட் என்னும் இடத்தில், தாயும் பிள்ளைகளும் வாழ்ந்த ஓர் அரசாங்க வீட்டிற் பொருள்கள் தாமே நகர்வதாகவும், சுவர்களில் தட்டும் ஒலி கேட்பதாகவும் பெரும் பரபரப்பு எழுந்தது. பத்திரிகையாளரும் ஆவி ஆராய்ச்சிக் கழகத்தாரும் அங்கே இரவு பகலாகத் தங்கினர். அந்நிகழ்வுகளுட் சிலவற்றைப் பிள்ளைகளே செய்தனர் என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. எஞ்சியவை பற்றிய வாதம் ஓயவில்லை. இதனை நினைவில் வைத்தே வோல்க் தமது கதையைப் புனைந்தார். முதலில் அதனை ஆறு பகுதிகளைக் கொண்ட தொடராக எழுதவே அவர் எண்ணியிருந்தார். கடைசிப் பகுதியை மட்டும் நேரடி ஒளிபரப்புப் போல அமைப்பது அவர் கருத்து. ஆறு பகுதிகளுக்கு இடம் கிடையாதுபோகவே, அக்கடைசிப் பகுதியே முழு நாடகமாயிற்று.

கதையைச் சுருங்கச் சொல்லுகின்றேன். இலண்டனின் மேற்றிசையில் நோர்தோல்ற் என்னும் பகுதியில், பொக்ஸ்ஹில் டிரைவ் என்ற தெருவில் உள்ளதாகச் சொல்லப்பட்ட சாதாரணமான ஒரு வீடு. அங்கே ஒரு தாயும் இரு பெண் பிள்ளைகளும். இரவில் தட்டும் ஒலி கேட்டுப் பிள்ளைகள் அஞ்சியபோது, "அது தண்ணீர்க் குழாயின் ஒலி" என்று தாய் சொல்லித் தேற்றுகின்றாள். ஆங்கிலத்தில் குழாய்களுக்குப் 'பைப்ஸ்' என்று பெயரல்லவா? அதனால் பிள்ளைகள் அப்பேய்க்கு 'பைப்ஸ்' என்றே பெயரிட்டுவிடுகின்றனர். பேய்க்குப் பெயர் இடுவதில் இத்துணை எளிமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. எந்த வீட்டிற்றான் இரவிற் குழாய் தட்டாது? நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் படுக்கைக்குச் சென்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் அப்பேய் காத்திருந்தது.

முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஒன்றும் நிகழவில்லை. இதுவே அந்நாடகத்தின் வலிமை என்பேன். கிரெய்க் சார்ள்ஸ் முகமூடி அணிந்து பதுங்கியிருந்து பாய்ந்து சாரா கிரீனை வெருட்டிச் சிரிக்கின்றார். ஆவி ஆராய்ச்சி செய்யும் பாஸ்கோ என்னும் பெண்மணி கலையகத்திலிருந்து விளக்கம் அளிக்கின்றார். இப்பாத்திரத்தை ஏற்றவர் ஜிலியன் பெவன் என்னும் நடிகை. செய்மதி வழியாக நியூயோர்க்கிலிருந்து ஓர் அறிஞர் இவையெல்லாம் பொய் என்று மறுக்கின்றார். பிள்ளைகளின் படுக்கையறையிற் பதிவு செய்த காட்சி ஒன்று காட்டப்படுகின்றது. திரைச்சீலையருகில் ஓர் உருவம் நிற்பதைக் கண்டதாக நேயர் அழைக்கின்றனர். காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்க்கின்றனர். பார்க்கின்சனுக்கு ஒன்றும் தென்படவில்லை. வீட்டிலிருந்து பார்ப்பவருக்கோ, கண்டோமா காணவில்லையா என்பதே ஐயமாகிவிடுகின்றது. பின்னர், தட்டும் ஒலியை எழுப்பியவள் மூத்த பிள்ளையே என்பது கமராவில் அகப்பட்டுவிடுகின்றது. "எல்லாம் ஏமாற்று" என்று நேயர் பெருமூச்சுவிட்டு நாற்காலியிற் சாய்ந்திருப்பர். அதன் பின்பே உண்மையான அச்சம் தொடங்குகின்றது.

அவ்வீட்டில் முன்னர் வாழ்ந்து, படிக்கட்டின் கீழுள்ள சிற்றறையில் உயிர்நீத்த ஒருவனின் கதையும், அவனுக்கும் முன்னே அந்நிலத்தில் வாழ்ந்து, வளர்ப்பதற்கென வாங்கிய கைக்குழந்தைகளைக் கொன்ற ஒருத்தியின் கதையும் தொலைபேசி வழியாகச் சிறிது சிறிதாக வெளிவருகின்றன. இறுதியில், வீட்டிலிருந்து அமைதியான காட்சி வந்துகொண்டிருக்கும் வேளையில் பாஸ்கோ அம்மையார் திடுக்கிடுகின்றார். சற்று முன்பு விழுந்த பொருள் சுவரில் முன்போலவே தொங்குகின்றது! அப்படியாயின், திரையில் வருவது இப்போதைய காட்சியன்று, பழைய பதிவு. பேய் ஒளிபரப்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. இலட்சக்கணக்கானோர் ஒருங்கே பார்த்திருத்தலால், நாடு முழுவதையும் ஆவியழைக்கும் ஒரே மேசையாக நாமே ஆக்கிவிட்டோம் என்று அவர் அலறுகின்றார். சாரா கிரீன் பிள்ளையைத் தேடிச் சிற்றறைக்குட் செல்ல, கதவு அடைத்துக்கொள்கின்றது. கலையகத்தில் விளக்குகள் வெடிக்கின்றன, யாவரும் ஓடுகின்றனர். வெறிச்சோடிய இருளில் தனித்து அலையும் பார்க்கின்சனின் வாயிலிருந்து பேயின் குரலிற் குழந்தைப் பாட்டு ஒலிக்க, நாடகம் முடிகின்றது.

இனித் தொலைபேசியைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்றிரவின் விபரீதம் பெரும்பாலும் அதனாலேயே விளைந்தது. திரையின் அடியில் 081 811 8181 என்னும் எண் காட்டப்பட்டது. அஃது கற்பனை எண்ணன்று, பி.பி.சி. தனது பிற நிகழ்ச்சிகளிலும் பயன்படுத்திய உண்மையான எண். அழைப்போருக்கு, "நீங்கள் பார்ப்பது நாடகம்" என்ற பதிவுசெய்த அறிவித்தல் முதலிற் கேட்கும். பின்னர் விரும்பினால் தம் பேய் அனுபவத்தைச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. நன்றாக எண்ணிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அன்றிரவு அந்நாடகத்தைப் பார்த்தோர் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேர். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் அழைக்கவே, இணைப்புக்கள் நெரிசலுற்றுப் பெரும்பாலோருக்கு இணைப்பு வேலையிலுள்ளது என்னும் ஒலி மட்டுமே கேட்டது. உண்மையை அறியவென்று அழைத்தவருக்கு அவ்வொலியே சான்றாகிவிட்டது. "நாடெங்கும் அழைக்கின்றார்கள், ஆகவே இது மெய்" என்று அவர்கள் முடிவு கட்டினர்.

வேறு காப்புக்களும் இருந்தன. இறுதி நேரத்தில் நிலையத்தின் மேலாளர் சிலர் தயக்கமுற்று, நிகழ்ச்சியின் தொடக்கத்தில் எழுத்தாளர் பெயரைக் காட்டவேண்டும் என வற்புறுத்தினர், அவ்வாறே காட்டப்பட்டது. 'ரேடியோ ரைம்ஸ்' சஞ்சிகையில் நடிகர் பட்டியலும் அச்சாயிற்று. ஆனால் ஐந்து நிமிடம் பிந்திப் பெட்டியை முடுக்கியவர் முதலாவதைக் கண்டிலர். சஞ்சிகையை வாங்காதவர் இரண்டாவதைக் கண்டிலர். ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டோம் என்பதும் அறிவித்துவிட்டோம் என்பதும் ஒன்றல்ல. பரீட்சைக் கட்டணத்தின் இறுதித் திகதியை மூன்று கிழமை பலகையில் தொங்கவிட்டும், கடைசி நாளுக்கு மறுநாள் கண்ணீருடன் வந்து நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்கள்மீது குற்றம் சுமத்த எனக்கு வாய் வருவதில்லை.

அன்றிரவும் அதற்கடுத்த நாட்களிலும் எழுந்த கண்டனம் பெரிது. பத்திரிகைகள் கடிந்து எழுதின. நேயரின் முறைப்பாடுகளுக்கு நிலையத்தார் விடையளிக்கும் நிகழ்ச்சியிலே தயாரிப்பாளர்களை முன்னிருத்திப் பொதுமக்கள் வெகுண்டு பேசினர். சாரா கிரீன் அம்மையார் அடுத்த சில நாட்களுக்குள் சிறுவர் நிகழ்ச்சியில் தோன்றித் தாம் உயிருடன் நலமாக இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேர்ந்தது. இக்கண்டனங்களை ஆழ்ந்து நோக்கினால் ஒன்று புலனாகும். "பேயைக் காட்டி வெருட்டினீர்கள்" என்பதன்று மக்களின் கோபம். பேய்ப்படம் அந்நாட்டில் அருமையானதன்று. அச்சம் வேண்டிப் பணம் கொடுத்துத் திரையரங்குக்குச் செல்வோர் அங்கே ஏராளம். "பார்க்கின்சன் நம்மிடம் பொய் சொன்னார்" என்பதே கோபம். வேற்று நடிகர் ஒருவர் அவ்விடத்தில் அமர்ந்திருந்தால் அத்தனை அழைப்புக்களும் வந்திரா, அத்தனை கண்டனங்களும் எழுந்திரா என்றே நான் கருதுகின்றேன்.

நேயர்களே, ஒலிபரப்பின் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி முதன்முறை ஏற்பட்டதன்று. அதே பி.பி.சி., கூட்டுத்தாபனமாவதற்கு முன் ஒரு கம்பனியாக இருந்த காலத்தில், 1926ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, ரொனால்ட் நொக்ஸ் என்னும் பாதிரியார் எடின்பரோவிலிருந்து வானொலியிற் பேசினார். இலண்டனில் வேலையற்றோர் கலகம் விளைத்ததாகவும், 'பிக் பென்' மணிக்கூண்டு தகர்க்கப்பட்டதாகவும், அமைச்சர் ஒருவர் விளக்குக் கம்பத்திற் தூக்கிலிடப்பட்டதாகவும் செய்தி வாசிப்பது போலவே வாசித்தார். துப்பறியும் கதைகள் எழுதிய அப்பாதிரியாருக்கு அது நகைச்சுவை. கேட்டோர் பலருக்கு அது நகைச்சுவையாகத் தோன்றவில்லை. அக்கிழமை கொட்டிய பனியினால் ஞாயிறுப் பத்திரிகைகள் கிராமங்களுக்குப் பிந்திச் சென்றமை ஐயத்தை உறுதியாக்கியது. இலண்டன் உண்மையாகவே எரிகின்றது போலும் என்று அஞ்சியோர் பலர்.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஓர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தை எல்லோரும் அறிவர். அதனாலே தேசமே வீதியில் இறங்கி ஓடியது என்னும் கதையைப் பெரும்பாலும் பத்திரிகைகளே ஊதிப் பெருக்கின என்பது பின்வந்த ஆய்வாளரின் முடிவு. வானொலியிடம் விளம்பர வருவாயை இழந்துகொண்டிருந்த பத்திரிகைகளுக்கு வானொலியைத் தூற்ற அஃது ஒரு வாய்ப்பு. ஆனால் அதே நாடகம் தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிற் சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. 1949ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, தலைநகராகிய கீற்றோவில் அதனைத் தம் நகருக்கேற்ப மாற்றி ஒலிபரப்பினர். ஏமாற்றப்பட்டதை உணர்ந்த மக்கள் திரண்டு சென்று, வானொலி நிலையமும் 'எல் கொமேர்சியோ' பத்திரிகையும் இருந்த கட்டிடத்துக்குத் தீ வைத்தனர். அத்தீயில் உயிர்கள் மாண்டன. அங்கேயும் செவ்வாய்க்கிரகத்தார்மீது எழுந்த அச்சத்தினும் நிலையத்தார்மீது எழுந்த சினமே கொடியதாயிருந்தது.

இங்கிலாந்தில் எவரும் தீ வைக்கவில்லை. ஆயினும் அங்கே நேர்ந்தவை இலேசானவையல்ல. 1994ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யில் இரு மருத்துவர் ஒரு குறிப்பு வெளியிட்டனர். பத்து வயதுச் சிறுவர் இருவர் இந்நாடகத்தைப் பார்த்தபின் உறக்கமின்றியும், தனித்திருக்க அஞ்சியும், பேயின் நினைவு நீங்காதும் தவித்ததை அவர்கள் விவரித்தனர். போரும் விபத்தும் விளைக்கும் மனவடு போன்றதொன்றைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் விளைக்கக்கூடும் என்பது அவர்தம் கருத்து. அதனை அப்பெயரால் வழங்குதல் தகுமா என்று வேறு மருத்துவர் வினவினர். பெயர் எதுவாயினும் ஆகுக. பத்து வயதுப் பிள்ளை விளக்கை அணைக்கவிடாது அழுதது உண்மை.

இதனினும் துயரமானது ஓர் இளைஞரின் மரணம். நாடகத்தைப் பார்த்துச் சில நாட்களுக்குள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு இந்நாடகமே காரணம் என்று பெற்றோர் கருதி முறையிட்டனர். ஒரு மனிதனின் உள்ளத்தில் எவையெல்லாம் சேர்ந்து அம்முடிவுக்கு இட்டுச் சென்றன என்பதைப் பிறர் தீர்மானித்தல் அரிது. இங்கிருந்து நான் தீர்மானிக்க முற்படுவது முறையும் அன்று. ஆனால் பெற்றோர் விடவில்லை. ஒளிபரப்புத் தராதரப் பேரவை இம்முறைப்பாடுகளை விசாரித்து, 1995ஆம் ஆண்டில் நிலையத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. அச்சவுணர்வு வேண்டுமென்றே வளர்க்கப்பட்டது என்றும், இது புனைவென்று குறிப்பாற் காட்டியது போதாது, அதனினும் மிகுதியாகச் செய்யும் கடமை நிலையத்துக்கு இருந்தது என்றும் பேரவை கண்டது.

இத்தீர்ப்பு நேரிது என்றே என் உள்ளம் சொல்கின்றது. எழுதியவரையும் நடித்தவரையும் நான் குறைகூறமாட்டேன். தொலைக்காட்சியில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகின்றோமே, அந்நம்பிக்கை தகுதியானதா என்பதே வோல்க் எழுப்ப விரும்பிய வினா. நல்ல வினா, எழுப்பியவிதமும் திறமையானது. ஆனால் பிழை செய்தவர்கள் வேறு. நிலையத்தின் பெயரையும், அறிவிப்பாளரின் முகத்தையும், மெய்யான தொலைபேசி எண்ணையும் ஒருங்கே கடனாகக் கொடுத்தவர்கள், அக்கடனைக் கேட்டு வரும் கூட்டத்தைத் தாங்குமளவுக்கு இணைப்புக்களை வைத்திருக்கவில்லை. வாயிற்படியை எடுத்துவிட்டால், அவ்விடத்தில் கைபிடித்து இறக்க ஓர் ஆளாவது நிற்கவேண்டாமா?

தீர்ப்பின் பின்பும் முன்பும் நிலையத்தார் செய்தது ஒன்றே: நாடகத்தைப் பெட்டியில் இட்டுப் பூட்டினர். மறுஒளிபரப்பு இல்லை. முப்பதாம் ஆண்டு நிறைவு வந்த 2022ஆம் ஆண்டிலும் அதனை அவர்கள் தம் அலைவரிசையில் மீண்டும் காட்டவில்லை. பூட்டி வைத்தது புகழையே வளர்த்தது. அன்றிரவு வீட்டிற் பதிவுசெய்த வீடியோ நாடாக்கள் கைமாறிக் கைமாறி, பிரதியின் பிரதியாய், படம் மங்கிக் கோடு விழுந்த நிலையிலும் பார்க்கப்பட்டன. அவ்வாறு தேடிப் பார்த்தவர் யார் என்று எண்ணுகின்றீர்கள்? 1992இல் போர்வைக்குள் முகம் புதைத்த அதே பிள்ளைகள்! வளர்ந்து ஆளான பின், தம்மை அத்துணை அச்சுறுத்தியது யாது என்று காண அவர்கள் மீண்டும் வந்தனர். சினந்தவர் பெற்றோர், காதலித்தவர் பிள்ளைகள். முறையிட்ட தலைமுறையும் போற்றிய தலைமுறையும் அன்றிரவு ஒரே சோபாவில் அருகருகே அமர்ந்திருந்தன என்பது எனக்கு வியப்பாக இருக்கின்றது.

2002ஆம் ஆண்டில், பத்தாண்டு நிறைவின்போது, பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் அதனை இறுவட்டாக வெளியிட்டது. தெளிவான படம் கைக்கு வந்ததும் இரசிகர் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினர். 'பைப்ஸ்' என்னும் அவ்வுருவத்தை நெறியாளர் நாடகமெங்கும் ஒளித்து வைத்திருந்தார்: ஒரு கண்ணாடியில் ஒரு நொடி, கூட்டத்தின் நடுவே ஒரு நொடி, சமையலறையில் ஒரு நொடி. எட்டு இடங்கள் என்பாரும் உளர். மேலும் உண்டு என்பாரும் உளர். ஏட்டுச் சுவடியிற் பாடபேதம் ஆராயும் புலவரின் பொறுமையுடன் அவர்கள் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்தனர். வோல்க் அவர்களும் அக்கதைக்குப் பின்தொடர்ச்சியாக ஒரு சிறுகதை எழுதினார். பின்னாளில் திகிற் படம் எடுத்த இங்கிலாந்து இயக்குநர் சிலர், தம்மை இத்துறைக்கு இழுத்தது அவ்விரவே என்று நன்றியுடன் கூறியுள்ளனர்.

காலம் மாறிற்று. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை, 'இன்சைட் நம்பர் நைன்' என்னும் தொடரின் ஓர் அங்கத்தை மெய்யாகவே நேரடியாக ஒளிபரப்பியது. சில நிமிடங்களில் ஒலி தடைப்பட்டது. தொழினுட்பக் கோளாறு என்று அறிவிப்பாளர் வருந்தினார். அக்கோளாறே கதை. ஆனால் அதனை உண்மையென நம்பிய நேயர் பலர், சரி, வேறு ஏதாவது பார்ப்போம் என்று அலைவரிசையை மாற்றிச் சென்றுவிட்டனர்! முன்னது நேரடி என்று நம்பவைத்த பொய். பின்னது பொய் கலந்த நேரடி. முன்னதில் நம்பியவர் நடுங்கினர்; பின்னதில் நம்பியவர் எழுந்து போயினர்.

மைக் ஸ்மித் 2014ஆம் ஆண்டிலும், பார்க்கின்சன் 2023ஆம் ஆண்டிலும் காலமாயினர். இரசிகர் மட்டும் தம் வழக்கத்தை விடவில்லை. ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு, வெவ்வேறு ஊர்களில் தத்தம் வீடுகளில் அமர்ந்து, சரியாக 9.25 மணிக்கு யாவரும் ஒருங்கே அந்நாடகத்தை ஓடவிடுகின்றனர். முதலிற் 'ஸ்கிரீன் வன்' என்னும் பெயர் வரும். எழுத்தாளர் பெயரும் வரும். இம்முறை அதனைத் தவறவிடுவோர் எவருமிலர். பார்க்கின்சன் வணக்கம் சொல்லுவார். திரையின் அடியில் 081 811 8181 என்னும் எண் தோன்றும். அவ்வெண்ணின் முற்குறியீடு 1995ஆம் ஆண்டிலேயே மாற்றப்பட்டுவிட்டது.